நாஸ்கார் கேலரியா, கல்லூரி மைதானமா? கேமராவோடு போகும் ரசிகருக்கு ஓர் ஒப்பீடு

வட கரோலினாவில் குடியிருந்துகொண்டு விளையாட்டுப் படம் எடுக்க ஆசைப்படுகிறவருக்கு, தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம். சார்லட்டைச் சுற்றி நாஸ்கார், அதாவது சாதாரணக் கார் போலத் தோற்றம் கொண்ட ஸ்டாக் கார்களின் பந்தய உலகமே கூடாரம் போட்டிருக்கிறது. கான்கார்டில் ஹெண்ட்ரிக் அணி, ஹண்டர்ஸ்வில்லில் ஜோ கிப்ஸ் அணி, மூர்ஸ்வில்லில் திரும்பிய பக்கமெல்லாம் பந்தயக் கார் பட்டறை. கிழக்கே இரண்டரை மணி நேரம் ஓட்டினால் ராலே, டர்ஹம், சாப்பல் ஹில். மூன்று பெரிய பல்கலைக்கழகங்கள் ஒன்றுக்கொன்று அரை மணி நேரத் தூரத்தில். இடையில் உள்ள ஊர்களிலெல்லாம் சின்னச் சின்னக் கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் ஒரு டஜன் அணிகள்.

வார இறுதி ஒன்றுதான். லென்ஸ் வாங்க ஒதுக்கிய பணமும் ஒன்றுதான். நான் கல்லூரிப் பக்கம் சாய்ந்துவிட்டேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, பத்திரிகை அனுமதி அட்டை வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உள்ளே போகிற சாதாரண ரசிகருக்குத்தான் இதெல்லாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். நாஸ்காரின் உச்சப் பிரிவான கப் பந்தயத்தின் டிக்கெட் விலை அதிகம். கல்லூரியின் சிறிய விளையாட்டுகள் பல இடங்களில் இலவசம், இல்லாவிட்டால் பத்து டாலரைச் சுற்றித்தான். பந்தயத்துக்குக் காதடைப்பான் கட்டாயம் வேண்டும், குழந்தைகளுக்கு இரட்டிப்பாக. நாஸ்கார் கப் பருவம் பிப்ரவரியில் டேடோனாவில் தொடங்கி நவம்பர் வரை நீளும். ஆனால் உங்கள் ஊர்ப் பக்கம் அது வருவது வருடத்தில் சில வாரங்கள்தான். கல்லூரியில் ஆகஸ்டில் சாக்கரும் (நம் கால்பந்து) வாலிபாலும், குளிர்காலத்தில் கூடைப்பந்தும் மல்யுத்தமும், பிப்ரவரியிலிருந்து மே வரை சாஃப்ட்பாலும், வலைக் கோலால் பந்தை வீசும் லக்ராஸும். ஜூன், ஜூலை மட்டும் கை காலி.

பந்தயத்துக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிட்டு மேலே போகிறேன். படம் பழகுகிறவருக்கு ஓவல் டிராக் மாதிரி பொறுமையான வாத்தியார் கிடைக்காது. சார்லட் டிராக் ஒன்றரை மைல், ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர். ஒரு சுற்று அரை நிமிடம். மே மாதக் கடைசியில் நடக்கும் கோக-கோலா 600 பந்தயத்தில் அதே கார் அதே இடத்தை 400 முறை கடக்கிறது. பானிங், அதாவது காரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுப்பது, இங்கே பழகினால்தான் கைக்கு வரும். ஷட்டரை 1/2000 வினாடியில் வைத்தால் மணிக்கு 290 கிலோமீட்டரில் போகிற கார் வாகன நிறுத்துமிடத்தில் நிற்பது போலத்தான் விழும். 1/250-க்கு இறங்கி, பிறகு 1/125, துணிந்தால் 1/60. முதல் நூறு சுற்றுகள் குப்பைக்குப் போனாலும் இன்னும் முந்நூறு பாக்கி இருக்கிறது. மாலை வெயிலில் தொடங்கி விளக்கு வெளிச்சத்தில் முடிகிற பந்தயம் அது, ஆகவே ஒரே நாளில் மூன்று விதமான ஒளி.

மார்ட்டின்ஸ்வில் வேறு ருசி. வர்ஜீனியாவில், எல்லையைத் தாண்டியதும் வருகிற 0.526 மைல் டிராக். பேப்பர் கிளிப் வடிவம். நேர்கோட்டில் தார், வளைவில் கான்கிரீட். ஒவ்வொரு வளைவிலும் மிதித்துப் பிரேக் போட்டாக வேண்டும் என்பதால், வெயில் சாய்ந்த பிறகு சக்கரத்துக்குள் பிரேக் தட்டுகள் செக்கச்செவேலென்று ஒளிரும். அந்த ஒரு படத்துக்காகவே போகலாம். ஜெயித்தவருக்குக் கோப்பைக்குப் பதில் ஆளுயரக் கடிகாரம் கொடுக்கிற ஊரும் அதுதான். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் பிரிவில் முதல் பந்தயம் ஓட்டியதும் இங்கேதான், 13-ஆம் இடத்தில் முடித்தார். அந்த ஆண்டு ரசிகர் வாக்கெடுப்பில் அந்தப் பிரிவின் பிரபல ஓட்டுநர் விருதும் அவருக்கே கிடைத்தது. நம் ஆட்கள் விடிய விடிய உட்கார்ந்து ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் மறுபக்கம்? நிற்கிற இடம். மற்ற காரணங்கள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பந்தயத்தில் உங்கள் இடம் டிக்கெட்டில் அச்சடித்து வருகிறது. அந்த நாற்காலியிலிருந்துதான் மூன்று நான்கு மணி நேரமும். உங்களுக்கும் காருக்கும் நடுவே கம்பி வலை, உயிர் காக்கிற வலை, அதைக் குறை சொல்ல முடியாது. லென்ஸை வலையோடு ஒட்டி வைத்து அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, முழுக்கத் திறந்தால் கம்பி கரைந்து போகும் என்று எல்லாப் பாடத்திலும் சொல்வார்கள். உண்மைதான், வலையை ஒட்டி நிற்க விட்டால்! இருக்கைகள் வலையிலிருந்து தள்ளித்தான் இருக்கின்றன. கீழ் வரிசையில் உட்கார்ந்தால் கம்பி கரையாது, சாம்பல் கோடாகப் படம் முழுக்கப் படியும். ஆட்டோஃபோகஸும் காரை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் வலைக்கு மேலே பார்க்கும்படி உயரமான வரிசைக்குப் போகிறோம். பந்தயத்தை ரசிக்கவும் அதுதான் நல்ல இடம், முழு டிராக்கும் தெரியும். ஆனால் அங்கிருந்து கார் தீப்பெட்டி அளவு. 400 மில்லிமீட்டர் லென்ஸுக்குக் குறைந்து பேச்சே இல்லை. 150-600 ஜூம் வேண்டும். அது இரண்டு கிலோ எடை, நீட்டிய பக்கத்தில் அபெர்ச்சர் எஃப் 6.3. இருட்டினதும் ஐ.எஸ்.ஓ., அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், எகிறும். பகலில் வேறு தொல்லை: சுட்ட தாரிலிருந்து எழும் கானல் அசைவு. அவ்வளவு தூரத்துக் காற்றின் வழியாக எடுக்கும்போது எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸானாலும் ஸ்பான்சர் எழுத்துகள் தண்ணீருக்கடியில் இருப்பது போலக் குழையும். காசு கொடுத்துத் தீர்க்கக்கூடிய பிரச்சினை இல்லை அது. இது போதாதென்று, மோதல் நடந்த கணத்தில் முன்வரிசைக்காரர் எழுந்து நிற்பார். அவர் எழுவதும் நியாயம்தானே.

முகமும் கிடைக்காது. ஹெல்மெட், அதற்கு வெளியே ஜன்னல் வலை. பந்தயத்துக்கு முன் ஓட்டுநர்களை அறிமுகம் செய்யும்போது தூரத்தில் ஒரு கையசைப்பு, முடிந்ததும் வெற்றி மேடையில் இன்னும் தூரத்தில் ஒரு பானப் பீய்ச்சல். கேலரியிலிருந்து நீங்கள் எடுப்பது பெயின்ட் வேலையின் படம். 2022-இல் புது மாடல் கார் வந்தபோது கதவு நடுவில் இருந்த எண்ணை முன் சக்கரத்தை நோக்கி நகர்த்திவிட்டார்கள், ஸ்பான்சருக்கு இடம் விட. பழைய ரசிகர்கள் அப்போது அதற்குப் பொருமினார்கள். பக்கவாட்டுப் படத்தின் சமநிலை போயிற்று என்று நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

பந்தயத்துக்கு முன் உள்மைதானத்துக்குள் போக விடுகிற பாஸ்கள் உண்டு. அதை வாங்கினால் நிற்கிற காரைக் கிட்டத்தில் எடுக்கலாம், அகல லென்ஸ் போதும். ஓடுகிற காருக்கு அது உதவாது.

கல்லூரிக்கு வருவோம். இங்கேயும் ஒரு எச்சரிக்கை முதலில். கல்லூரி விளையாட்டு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றில் பந்தயத்தை விடக் கெடுபிடி அதிகம். கண்ணாடி போன்ற பைதான் கொண்டுபோகலாம், அதுவும் 12 அங்குலம், 6 அங்குலம் என்று அளவோடு. கழற்றி மாட்டும் நீள லென்ஸ் என்றால் பல அரங்குகளில் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். நாஸ்கார் டிராக்குகள் இந்த விஷயத்தில் எவ்வளவோ தாராளம். டர்ஹமில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் கூடைப்பந்து அரங்கில் மொத்தமே 9,314 இடம். அங்கே டிக்கெட் கிடைத்தால் கேமராவை மறந்துவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்.

நான் சொல்வது மற்ற விளையாட்டுகளை. பெண்கள் சாக்கர், வாலிபால், சாஃப்ட்பால், ஃபீல்டு ஹாக்கி, கிராஸ் கன்ட்ரி ஓட்டம். இவற்றில் பெரும்பாலும் இருக்கை எண் கிடையாது. முதல் பாதி கோல் கம்பத்துக்குப் பக்கத்து மூலையில், இரண்டாம் பாதி எதிர்ப்பக்கம். வெயில் கண்ணில் குத்தினால் எழுந்து நடக்கலாம். பின்னணியில் நடமாடும் கழிப்பறை தெரிந்தால் நாலு அடி தள்ளிக்கொள்ளலாம். படம் என்பதில் பாதி பின்னணிதான். அதை மாற்றுகிற உரிமை பந்தய கேலரியில் உங்களுக்கு இல்லை, இங்கே உண்டு.

தூரமும் நம் லென்ஸுக்குத் தோதான தூரம். சாஃப்ட்பாலில் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு 60 அடி, பேஸ்பாலில் 90. இந்த முப்பது அடி வித்தியாசத்தில் ஆயிரக்கணக்கான டாலர் லென்ஸ் செலவு மிச்சமாகிறது. முதல் தளத்துக்கு அப்பால் வேலியோரம் நின்றால் 70-200 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். பந்து வீசும் கை சுழல்வதும், இரண்டாவது தளத்தில் சறுக்குகிறவர் கிளப்பும் செம்மண்ணும் படம் நிறைய வரும். இங்கேயும் வலை உண்டு. ஆனால் பல மைதானங்களில் அந்த வலையோரமே போய் நிற்கலாம் என்பதால், பாடத்தில் சொன்ன அந்தக் கம்பி கரைக்கும் வித்தை இங்கேதான் பலிக்கிறது.

கிராஸ் கன்ட்ரியில் கயிறு மட்டும்தான் எல்லை. பெண்கள் 6 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் புல்வெளியைக் குறுக்கே வெட்டி மூன்று இடங்களில் பிடித்துவிடலாம். உங்களுக்கும் நல்ல ஓட்டம். கேமராவோடு வரும் சாதாரண கிட் லென்ஸே போதும், அதிகாலை ஒளி இலவசம்.

சாப்பல் ஹில்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். வட கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் சாக்கர் அணிக்கு 22 என்.சி.ஏ.ஏ. (தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) பட்டங்கள், கடைசியானது 2024-இல், வேக் ஃபாரஸ்டை 1-0 என்று வென்று, பக்கத்து ஊரான கேரியில். அதில் 21 பட்டங்கள் பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸ் காலத்தவை. 1979-இலிருந்து அணியை நடத்தி 2024-இல் ஓய்வு பெற்றவர், பிறந்தது பம்பாயில். அமெரிக்க சாக்கர் நட்சத்திரம் மியா ஹாம் வளர்ந்த அணி. இந்தத் தரத்து ஆட்டத்தை இவ்வளவு பக்கத்தில் நின்று எடுக்கலாம் என்பதே எனக்கு இன்னும் ஆச்சரியம். உலகத்தரம் வாய்ந்த கார் பந்தயத்தில் இதற்கு இணையான இடம் கோடீஸ்வரருக்குத்தான் கிடைக்கும்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. ஓவலில் கார் திரும்பி வரும், இங்கே கோல் ஒரு தடவைதான். விட்டால் விட்டதுதான். பந்தைத் துரத்தாமல், அடித்தவர் எந்தப் பக்கம் ஓடி வருவார் என்று ஊகித்து அங்கே காத்திருக்கப் பழக வேண்டும். ஆட்டம் தெரியாதவருக்குப் படம் அமையாது. வாலிபால் இன்னும் முரடு. உள்ளரங்க வெளிச்சம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் கேமராவுக்கு அரையிருட்டு. 1/1000 வேண்டும், எஃப் 2.8 வேண்டும், ஐ.எஸ்.ஓ. 6400-ஐத் தொடும். ஃபிளாஷ் கூடவே கூடாது. பழைய அரங்கு விளக்குகள் வினாடிக்கு 120 முறை துடிப்பதால் அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று கறுத்தும் வரும். கேமராவில் ஆன்டி-ஃபிளிக்கர் வசதி இருந்தால் அதைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். 70-200 எஃப் 2.8-க்குக் காசு சேரும் வரை 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று போதும், கடைசிக் கோட்டுக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்தால் வலைக்கு மேலே எழும் எதிரணிக் கைகளும் முகங்களும் நேராக வரும்.

எடுத்த பிறகு படம் எங்கே போகிறது என்பதும் என் சாய்வுக்கு ஒரு காரணம். சட்டை எண்ணைக் கல்லூரியின் வீரர் பட்டியலோடு ஒப்பிட்டால் யார் என்று தெரிந்துவிடும். பெற்றோர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நல்ல படத்தை அனுப்பினால் அடுத்த ஆட்டத்துக்கு உங்களுக்கும் சேர்த்து சாண்ட்விச் வரும். விற்பதற்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்ட அனுமதி உண்டு. அந்த உருவத்தை வைத்து நீங்கள் கடை போட்டால் சிக்கல்தான்.

என் வாதத்தை உடைக்கிற இடமும் ஒன்று இருக்கிறது. வின்ஸ்டன்-சேலத்தில் போமன் கிரே ஸ்டேடியம். கால் மைல் டிராக், அதன் நடுவே ஃபுட்பால் மைதானம். இலையுதிர் காலத்தில் வின்ஸ்டன்-சேலம் ஸ்டேட் பல்கலைக்கழகம் அங்கே ஃபுட்பால் ஆடுகிறது. கோடையில் சனிக்கிழமை இரவு அதே புல்லைச் சுற்றி, சக்கரம் வெளியே தெரியும் மாடிஃபைடு கார்கள் முட்டி மோதுகின்றன. நாஸ்கார் 1949-இலிருந்து அங்கே பந்தயம் நடத்துகிறது. 2025 பிப்ரவரியில் கப் கார்களே வந்து, பருவத்துக்கு முந்தைய கிளாஷ் பந்தயம் ஓட்டின, சேஸ் எலியட் ஜெயித்தார். எல்லாமே கிட்டத்தில் என்பதால் நீள லென்ஸ் தேவையில்லை. பந்தயம் முடிந்ததும் ஓட்டுநர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வதும் தெரியும். முகம் கிடைக்கிற ஒரே ஸ்டாக் கார் இடம் என்று அதைத்தான் சொல்வேன். எல்லா டிராக்கும் இப்படி இருந்திருந்தால் நான் எழுதுவது வேறாக இருந்திருக்கும்.

டேடோனா, டல்லடேகா போன்ற பெரிய டிராக்குகளைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே கேலரியிலிருந்து எடுத்தவர்கள் வேறு விதமாகச் சொன்னால் அவர்களை நம்புங்கள். வளைந்து நெளியும் ரோட் கோர்ஸ்களில் நடமாட்டம் அதிகம் என்பதால் நிலைமை மேலாக இருக்கலாம்.

பந்தயத்தை நான் விட்டுவிடவில்லை. போகும்போது அணிகளின் வானொலிப் பேச்சைக் கேட்கும் ஸ்கேனரும் ஹெட்செட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன். கூரை மேல் நிற்கும் ஸ்பாட்டர் ஓட்டுநருக்கு இடம் வலம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பார்த்தால், கேமரா இல்லாத குறையே தெரியாது. வாங்குவதென்றால் 70-200 வாங்குங்கள், ஏறக்குறைய வருடம் முழுக்க வேலை கொடுக்கும். மார்ட்டின்ஸ்வில் பிரேக் வெளிச்சத்தை எடுத்தே தீர வேண்டும் என்றால் அந்த வாரத்துக்கு மட்டும் 150-600-ஐ வாடகைக்கு எடுங்கள். வெள்ளிக்கிழமையே கையில் கிடைக்கும்படி பதிவு செய்துவிடுங்கள், பந்தய வாரத்தில் கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது.