ஆஸ்திரேலியரா, நியூசிலாந்துக்காரரா?
ஒருவர் பேசும் ஆங்கில உச்சரிப்பை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் 'மேட்' (mate), 'டே' (day) வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இரு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே ஒலிதான். கவனிக்க வேண்டியது குறில் இகரம். 'ஃபிஷ்' என்பதை ஆஸ்திரேலியர் 'ஃபீஷ்' பக்கம் இழுப்பார். நியூசிலாந்துக்காரர் வாயில் நாக்கு நடுவுக்கு வந்துவிடும், கிட்டத்தட்ட 'ஃபஷ்'. 'சிக்ஸ்' சொல்லச் சொன்னாலே பெரும்பாலும் போதும்.

அது பிடிபடாவிட்டால் எகரம். நியூசிலாந்தில் நாக்கு மேலேறி, எழுதும் 'பென்' நம் காதுக்கு 'பின்' ஆகிவிடும். குடிக்கும் பியரையும் கரடியான 'பேர்' என்பதையும் அங்கே பலர் ஒன்றுபோலவே சொல்வார்கள். ஆஸ்திரேலியர் பிரித்துச் சொல்வார்.

'டான்ஸ்' மட்டும் ஏமாற்றும். நெடில் ஆகாரம் நியூசிலாந்து வழக்கம்தான். ஆனால் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலும் அப்படிச் சொல்வோர் உண்டு. 'வொர்க்' என்பதில் ரகரம் தெளிவாக ஒலித்தால், பெரும்பாலும் நியூசிலாந்தின் தென்கோடி, சவுத்லாந்து.