இரட்டை நிறுவலா, மெய்நிகர் கணினியா?

விண்டோஸ் உள்ள மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளமும் வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி இரட்டை நிறுவல்: வட்டில் ஒரு பகுதியைப் பிரித்து அதில் உபுண்டுவைத் தனியாக நிறுவினால், ரேம் முழுவதும் அப்போது இயங்கும் அமைப்புக்கே கிடைக்கும். 8 ஜிபி ரேம் மட்டுமே இருந்தால் நான் இதையே சொல்வேன். ஆனால் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியைக் குறித்துவைத்து, கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்த பிறகே தொடங்குங்கள். பிறகு விண்டோஸில் கடிகாரம் 5½ மணி நேரம் பிசகினால் பதற வேண்டாம்: வன்பொருள் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன, ஒரே கட்டளையில் சரிசெய்துவிடலாம்.

இரண்டாவது வழியான மெய்நிகர் கணினியில், அதாவது விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில், இந்தத் தொல்லைகள் இல்லை. விண்டோஸுக்குள்ளேயே உபுண்டு ஒரு சாளரத்தில் ஓடும், பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். ரேமை இரண்டும் பங்கிட்டுக்கொள்வதால் வேகம் குறையும். 16 ஜிபி இருந்து, பழகிப்பார்ப்பதுதான் நோக்கமென்றால் இதுவே போதும்.