இம்ப்ளான்ட் வலிக்கவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்

கீழ்க் கடைவாயில் இம்ப்ளான்ட் வைத்து மூன்றாவது வருடம். பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பில் வேருக்குப் பதிலாக ஒரு திருகைப் பொருத்தி, அதன்மேல் கேப், அதாவது செயற்கைப் பல், வைப்பார்களே, அதுதான். பல் தேய்க்கும்போது அந்த இடத்தில் மட்டும் ரத்தம், வாயில் ஒரு கெட்ட ருசி. வைத்த கிளினிக்கிற்கே போனேன். டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"வலிக்கிறதா?"

"இல்லை."

"ஆடுகிறதா?"

"இல்லை."

"அப்புறம் என்ன, சாதாரண ஈறு வீக்கம்தான்."

ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக். ரத்தம் நின்றது, ஒன்றரை மாதத்தில் திரும்ப வந்தது. இப்படியே மூன்று முறை, எட்டு மாதம் போய்விட்டது. ஒரு தடவைகூட எக்ஸ்ரே எடுக்கவில்லை. கடைசியில் நான் சரியாகப் பல் தேய்ப்பதில்லை என்று பழி வேறு.

ஒருநாள் ஈறை அழுத்தினால் சீழ். பயந்துபோய் ஈறு சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போனேன். அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை இம்ப்ளான்டைச் சுற்றி விட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் 8 மி.மீ. இறங்கியது. எக்ஸ்ரேயில் திருகைச் சுற்றி எலும்பு கிண்ணம்போலக் கரைந்திருந்தது. பெரி-இம்ப்ளான்டைடிஸாம், அதாவது இம்ப்ளான்டைச் சுற்றி ஈறு வீங்கி எலும்பு கரையும் நோய். கேப் ஒட்டியபோது வழிந்த சிமென்ட் ஈறுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது!

சொந்தப் பல்லை எலும்போடு பிடித்திருப்பது மெல்லிய நார்ப்படலம். இம்ப்ளான்டுக்கு அது கிடையாது, நேராக எலும்போடு இறுகியிருக்கும். அதனால் அடியில் கொஞ்சம் எலும்பு மிச்சமிருந்தாலும் ஆடாது, பெரும்பாலும் வலிக்கவும் செய்யாது. அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுத்தான் என்னை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மாத்திரையும் அப்படித்தான். கிருமிகள் திருகில் படலமாக ஒட்டிக்கிடக்கும், சுரண்டி எடுக்காமல் மாத்திரை மட்டும் விழுங்கினால் போகாது. வெறும் ஈறு வீக்கமாக இருக்கும்போதே சுத்தம் செய்திருந்தால் சரியாகியிருக்கலாம். கரைந்த எலும்பு தானாக வளராது.

எவ்வளவு கரைந்தது என்று ஒப்பிட, கேப் வைத்த காலத்து எக்ஸ்ரேயைக் கேட்டேன். "கம்ப்யூட்டர் மாற்றிவிட்டோம், இல்லை" என்றார்கள். பழைய படம் இல்லாவிட்டால், 2017-இல் நிபுணர்கள் கூடி வகுத்த வரையறைப்படி ரத்தக்கசிவோடு 6 மி.மீ. ஆழமும் 3 மி.மீ. எலும்பு இழப்பும் இருந்தாலே இந்த நோய்தான். எனக்கு அதையும் தாண்டிவிட்டது. உங்கள் படத்தை அன்றைக்கே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் வந்தால் கம்பி விட்டு அளக்கச் சொல்லுங்கள்.

ஈறைத் திறந்து, சிமென்டை எடுத்து, திருகைச் சுத்தம் செய்து, எலும்புத் துகள் நிரப்பியிருக்கிறார். நிற்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே, எலும்பு இன்னும் கரைந்திருந்தால் கழற்றிவிட வேண்டியதுதான் என்றார்.