மூணு நெட்வொர்க்கும் மஸ்கெலியா லயமும்: இரண்டரை வருஷ டிராவல் இ-சிம் அனுபவம்

சேரம்பாடியில் எங்கள் வீட்டு முன்வாசலில் நின்றால் போன் தமிழ்நாட்டில் இருக்கும். விறகு எடுக்கப் பின்பக்கம் போனால் கேரளாவுக்குப் போய்விடும். வரவேற்பு மெசேஜ் வந்தால் அம்மா, "வந்துட்டேன், ஒரு சாயா போடு" என்று போனைப் பார்த்துச் சொல்வார். மாநிலம் தாண்டினால் ரோமிங்குக்குக் காசு பிடித்த காலத்தில் போனை முன்ஜன்னலை விட்டு நகர்த்தவே மாட்டோம். கூடலூர், பந்தலூர் பக்கத்துக்காரர்களுக்கு இது பழகிய கதைதான்.

இப்போது குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில் வேலை. எஸ்டேட்டுக்குள் போக பிஎஸ்என்எல், டவுனுக்கு இன்னொன்று என்று ரெண்டு சிம் வைத்திருப்பது இங்கே குடை வைத்திருப்பது மாதிரி. அதனால் 'ஒரே இ-சிம், ஒரு நாட்டில் மூணு நெட்வொர்க்' என்ற விளம்பரத்தைப் பார்த்தபோது (இ-சிம் என்றால் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் சிம்), மலைக்காரன் யாரோதான் யோசித்திருக்கிறான் என்று தோன்றியது. 2023 கடைசியிலிருந்து இலங்கைக்கு மூன்று தடவை, மலேசியா ஒரு தடவை, துபாய் ஒரு தடவை. எல்லாவற்றுக்கும் டிராவல் இ-சிம்தான். இரண்டு கம்பெனிகளை மாற்றி மாற்றி வாங்கினேன். பெயர் வேண்டாம், அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான்.

இன்ஸ்டால் செய்வதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெயிலில் க்யூஆர் கோடு வரும், ஸ்கேன் செய்தால் இறங்கிவிடும். அதற்கே நெட் வேண்டும் என்பதால் வீட்டு வைஃபையில் முடித்துவிட்டுக் கீழே இறங்குவது நல்லது. சில பேக்கில் இன்ஸ்டால் செய்த அன்றே நாள் ஓட ஆரம்பிக்கும், சிலவற்றில் அந்த நாட்டு டவரைத் தொட்ட பிறகுதான். வாங்குமுன் அந்த வரியை மட்டும் படித்துவிடுங்கள்.

மூணு நெட்வொர்க் எப்படி வருகிறது? இலங்கை பேக் வாங்கினால் பெரும்பாலும் நமக்கு வருவது இலங்கை சிம் இல்லை. ஹாங்காங், போலந்து என்று எங்கோ இருக்கும் ஆபரேட்டரின் சிம். இலங்கையில் அது விருந்தாளி. ஊர்க்காரனுக்குச் சாப்பாடு அவன் வீட்டில் மட்டும்தான். விருந்தாளிக்கு மூணு வீட்டிலும் இலை போடுவார்கள். அந்த ஹாங்காங் ஆபரேட்டர் அங்குள்ள டயலாக், மொபிடெல், ஹச் போன்றவர்களில் யார் யாரோடு ரோமிங் ஒப்பந்தம் போட்டிருக்கிறதோ, அந்த வீடெல்லாம் நமக்குத் திறந்திருக்கும்.

ஆனால் முதலில் எந்த வீட்டில் உட்கார வேண்டும் என்பதை அனுப்பி வைத்தவர்தான் முடிவு செய்கிறார். சிம்முக்குள்ளேயே முன்னுரிமைப் பட்டியல் ஒன்று எழுதியிருக்கும். மொத்த விலையில் எந்த நெட்வொர்க் அவருக்குச் சல்லிசோ, வழக்கமாக அது மேலே இருக்கும். போன் வேறொன்றில் ஏறப் பார்த்தால், சிம்மின் தாய் நெட்வொர்க் முதல் சில முயற்சிகளை மறுத்து, பட்டியலில் மேலே இருப்பதற்கே திருப்பிவிடுவதும் உண்டு. சிக்னல் சுத்தமாகப் போனால்தான் போன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும். அப்படிப் போனாலும் அங்கேயே தங்காது. குறிப்பிட்ட இடைவெளியில் பழைய வீடு திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். அந்த இடைவெளி ஆறு நிமிஷத்திலிருந்து எட்டு மணி நேரம் வரை சிம்மில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. எழுதாவிட்டால் ஒரு மணி நேரம். ஆக, மூணில் எது நன்றாக இருக்கிறதோ அதை போன் தானே பிடித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன் பாருங்கள், அது கிடையாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இலங்கைத் தோட்டத் தமிழர்களை இரண்டு நாட்டுக்கும் பங்கு போட்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பமும் இரண்டாகப் பிரிந்தது. அப்பா இந்தப் பக்கம் வந்து தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் சேர்ந்தார், அத்தை அந்தப் பக்கமே தங்கிவிட்டார். இரண்டாவது இலங்கைப் பயணம் ஜனவரியில். அத்தை வீட்டு லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அத்தை தலை வாரி, நல்ல சேலை கட்டி, விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்துவிட்டார். போனில் நாலு கோடும் நிறைந்திருக்கிறது. வாட்ஸ்அப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஃப்ளைட் மோட் போட்டு எடுத்தேன், ஆஃப் செய்து ஆன் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

"ரீலோட் முடிஞ்சிருக்கும் மச்சான்" என்றான் அத்தை மகன்.

"ரீசார்ஜெல்லாம் இல்லடா, பேக் அப்படியே இருக்கு."

"அப்ப சனம்தான். போயாவுக்கு மலையேற வந்திருக்குதுங்க."

அவன் சொன்னதுதான் சரி. டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாத மலை யாத்திரை சீசன். பௌர்ணமி ஒட்டிய லீவில் மஸ்கெலியா வழியாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அத்தனை போனும் அதே டவரில் தொங்கிக்கொண்டிருந்தது. டவர் பலமாக இருக்கிறது, ஆனால் இடமில்லை. சிக்னல் பலமாக இருப்பதால் என் போனுக்கு நகரவே காரணமில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஆட்டோமேட்டிக்கை நம்பி உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும்.

செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வு என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக்கை அணைத்தேன். ஒரு நிமிஷம் தேடிவிட்டுப் பக்கத்தில் தென்படும் நெட்வொர்க்குகளின் பெயரைக் காட்டியது. நம் பேக்கில் இல்லாததும் அதில் தெரியும். அதைத் தொட்டால் சேர்த்துக்கொள்ளாது. நான் தொட்ட முதலாவது மறுத்தது, அடுத்தது எடுத்துக்கொண்டது. இரண்டே கோடு. கால் போய்விட்டது. "அண்ணே, ஏன் இப்படி மெலிஞ்சிட்ட?" என்று அத்தை ஆரம்பித்தவர் நாற்பது நிமிஷம் விடவில்லை.

மறுநாள் என் முட்டாள்தனம். ஆட்டோமேட்டிக்கைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். ஹட்டனுக்கு பஸ்ஸில் இறங்கும்போது அரை மணி நேரம் சேவை இல்லை என்றே காட்டியது. கையால் தேர்ந்தெடுத்தால் போன் அதே நெட்வொர்க்கைக் கட்டிக்கொண்டு கிடக்கும், பக்கத்தில் வேறு டவர் இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. அதிலிருந்து, தங்கும் இடத்தில் கையால் தேர்வு, வண்டியில் ஏறினால் ஆட்டோமேட்டிக் என்று பழக்கிக்கொண்டேன். மூன்றாவது தடவை ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் போனபோது ஆட்டோமேட்டிக் அழகாக வேலை செய்தது. சிங்கமலைச் சுரங்கத்துக்குள் செத்து, வெளியே வந்து ஒரு நிமிஷத்தில் உயிர்த்தது. நம்ம ஊட்டி ரயிலில் ரன்னிமேடு தாண்டும்போது இந்த அளவுக்கு நான் எதிர்பார்ப்பதில்லை.

இன்னொரு விசித்திரம். டேட்டா நேராக அந்த நாட்டிலேயே இணையத்துக்குப் போவதில்லை. என் சிம் ஹாங்காங்குக்காரன் என்பதால் மஸ்கெலியாவிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு சொல்லும் ஹாங்காங் போய்த்தான் வெளியே வந்தது. பேச்சு ஒரு நொடி பிந்தும், கூகுள் டாலரில் விலை காட்டும். சாட்ஜிபிடியைத் திறந்தால் உங்கள் நாட்டில் இல்லை என்றது. ஹாங்காங்கில் அந்தச் சேவை கிடையாதே! வங்கி ஆப் ஒன்றும் வெளிநாட்டு முகவரி என்று முகம் சுளித்தது. அதற்காக இந்திய சிம்மைக் கழற்றாமல் வைத்திருந்தேன். ஐஆர் (இன்டர்நேஷனல் ரோமிங்) வசதியை ஊரிலேயே ஆன் செய்து, அந்த சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டால் ஓடிபி வந்து சேரும். இ-சிம் தடுமாறினால் டேட்டாவை இன்னொரு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் ஒரு சுவிட்சும் போனில் இருக்கிறது. கிளம்புமுன் அதைத் தேடி அணையுங்கள். வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும்.

துபாய் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எடிசலாட் (இப்போது பெயர் e&), டூ என்று இரண்டுதான், நான் போன இடத்தில் இரண்டும் கொழுத்த சிக்னல். மலேசியாவில் கேமரன் ஹைலேண்ட்ஸ் தேயிலைத் தோட்டங்களுக்குள் மட்டும் ஒரு தடவை கையால் மாற்ற வேண்டியிருந்தது. மலை எங்கே போனாலும் மலைதான்.

பணம் போன கதையும் உண்டு. மலேசியா போகுமுன் போனைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று புது இ-சிம்மையே டெலிட் செய்துவிட்டேன். அதே க்யூஆரை மறுபடி ஸ்கேன் செய்தால், ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்றது. கம்பெனிக்கு எழுதினேன். மூணு நாள் கழித்து மன்னிப்பு மட்டும் வந்தது, காசு வரவில்லை. தற்காலிகமாக வேண்டாம் என்றால் அணைத்து வையுங்கள், டெலிட் வேண்டாம்.

விலையில் உள்ளூர் சிம்தான் ஜெயிக்கும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் வாங்கும் டூரிஸ்ட் சிம்மில் இதே காசுக்குக் கூடுதல் டேட்டா கிடைக்கும், உள்ளூர் நம்பரும் உண்டு. கொழும்பு, கண்டியோடு திரும்புகிறவர்கள் அதையே வாங்கலாம். தோட்டப் பக்கம் போகிறவனுக்கு அந்த ஒற்றை நெட்வொர்க் பிடிக்காவிட்டால் வேறு வழியில்லை. அதற்காக மட்டும்தான் நான் கூடுதலாகக் கொடுக்கிறேன்.

போன மே மாதம் அத்தை மகன் முதல் தடவையாகச் சேரம்பாடி வந்தான். என் பேச்சைக் கேட்டு இந்தியா இ-சிம் ஒன்றும் வாங்கி வந்திருந்தான். கோயம்புத்தூரில் நன்றாக ஓடியது. வீட்டுக்கு வந்ததும் ஒரு கோடும் இல்லை. கெத்தாக வாங்கி, ஆட்டோமேட்டிக்கை அணைத்து, பட்டியலைத் தேடினேன். எங்கள் வீட்டில் பிடிப்பது பிஎஸ்என்எல் மட்டும்தான். அவன் பேக்கில் அது இல்லை. பின்பக்கம் விறகுக்கொட்டகை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன், கேரளாவும் கைகொடுக்கவில்லை. கடைசியில் அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தோம்.

"ரீலோட் யாரு போடணும் மச்சான், நானா அத்தையா?" என்று கேட்டுவிட்டு முன்வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்தான்.