வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு: படுக்கையா, நாற்காலியா, நடையா?

குடல், இரைப்பை, கல்லீரல், கணையம் என்று வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய ஆபரேஷன் முடிந்ததும் நோயாளியை எப்போது எழுப்புவது, எப்படி எழுப்புவது, யார் எழுப்புவது? ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பதில் உண்டு.

படுத்தே கிடப்பதா, எழுவதா என்ற வழக்கு முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. சிகாகோவில் சர்ஜன் எமில் ரீஸ் 1899-லேயே நோயாளிகளைச் சீக்கிரம் எழ விட்டது பற்றி எழுதினார். டென்மார்க்கின் சர்ஜன் ஹென்ரிக் கேலட் 1990-களில் அதை வலி நிவாரணம், சாப்பாடு, குழாய் அகற்றுதல் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே திட்டமாக்கினார். மல்லாந்து படுத்தால் உதரவிதானம் மேலே ஏறி நுரையீரலின் அடிப்பகுதியை அழுத்தும். சளி தங்கும், கெண்டைக்கால் அசையாமல் ரத்தம் கட்டும், தசை கரையும். "தையல் பிரிந்துவிடுமே" என்ற பயம்தான் வீட்டாரிடம் மிச்சம். முறையாகத் தைத்த காயம் எழுந்து நடப்பதால் பிரிவதில்லை.

உண்மையான போட்டி நாற்காலிக்கும் நடைக்கும்தான். படுக்கையிலேயே கணுக்காலை ஆட்டுவதும் மூச்சை இழுத்து விடுவதும் எழவே முடியாதவருக்கு உதவும், ஆனால் எழுவதற்கு ஈடாகாது. நாற்காலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உட்கார்ந்த உடனேயே நுரையீரலுக்கு இடம் கிடைக்கிறது, இருமலுக்கு வலு வருகிறது, ரத்த அழுத்தம் தாங்குகிறதா என்பதும் தெரிந்துவிடுகிறது. குறை என்னவென்றால், காலையில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு "நடமாட்டம் ஆச்சு" என்று சார்ட்டில் டிக் போட்டுவிடுவார்கள். காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது நடமாட்டம் ஆகாது. நடந்தால்தான் கெண்டைக்கால் தசை வேலை செய்யும், மூச்சும் தானாக ஆழமாகும். ஆபரேஷன் அன்று சாயங்காலம் நாற்காலி, மறுநாள் காலை முதல் நடை. நீளமாக ஒருமுறை நடப்பதைவிட வார்டு வாசல் வரை பலமுறை போய்வருவது நல்லது. ஆபரேஷன் அன்று 2 மணி நேரம், அடுத்த நாட்களில் தினமும் 6 மணி நேரம் படுக்கைக்கு வெளியே என்று பல மருத்துவமனைகளில் ஓர் இலக்கு வைப்பார்கள். அது நிபுணர்கள் கூடிப் பேசி வைத்த எண். எட்டாவிட்டால் நோயாளியைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

நடந்தால் குடல் சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். 1990-ல் குடலிலேயே மின்முனைகள் பொருத்திப் பார்த்த ஓர் ஆய்வில் அப்படி எந்த வேகமும் தென்படவில்லை. நடக்கச் சொல்ல வேறு காரணங்களே போதும்.

சரி, யார் எழுப்புவது? தனியாக ஓர் ஆளை நியமித்துத் தினமும் நடக்க வைப்பது ஒரு வழி. நோயாளியிடமும் நர்ஸிடமும் விட்டுவிடுவது இன்னொரு வழி. 2017-ல் வெளியான கனடிய ஆய்வு ஒன்று, பெருங்குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 99 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டது. தனி ஆள் வைத்தவர்கள் கூடுதலாக எழுந்து நடமாடினார்கள். ஆனால் அதனால் மீண்டு வருவது வேகமாகவில்லை. இரு தரப்பும் ஏற்கெனவே கேலட் வகுத்தது போன்ற நல்ல திட்டத்துக்குள் இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அப்படித் திட்டம் ஏதும் இல்லாத வார்டுக்கு இந்த முடிவை அப்படியே தூக்கிப்போய் வைக்க முடியாது.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது 2018-ல் வந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வு. மேல்வயிற்று ஆபரேஷனுக்கு வரவிருந்த 441 பேரில் ஒரு பாதிக்கு, ஆபரேஷனுக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சியையும் அது ஏன் முக்கியம் என்பதையும் விளக்கினார். நுரையீரல் சிக்கல்கள் பாதியாகக் குறைந்தன. கைவசம் ஒரே ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தால் அவர் நேரத்தை நான் முதலில் இங்கேதான் செலவிடுவேன்.

பெரும்பாலும் நோயாளி எழாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமே இல்லை. வலியும் குழாயும்தான் காரணம். முதுகில் மெல்லிய குழாய் வழியாக மரத்துப்போகும் மருந்து செலுத்தும் எபிடூரல், திறந்த ஆபரேஷனில் வலியை நன்றாக அடக்கும். ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கலாம், சிலருக்குக் கால் பலவீனமாகும், பம்ப் வேறு கூடவே வரும். மார்ஃபின் என்ற வலி மருந்தை ரத்தத்தில் செலுத்தும் பம்ப் நிற்க விடும், ஆனால் தூக்கமும் குமட்டலும் தரும். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கு வயிற்றுச் சுவர் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் ஊசியோடு சாதாரண வலி மாத்திரைகளே பல சமயம் போதும், எபிடூரல் தேவையில்லை. எதுவானாலும் மாத்திரையை நடைக்கு அரை மணி, முக்கால் மணி முன்பே கொடுத்துவிட வேண்டும். தேவை முடிந்த சிறுநீர்க் குழாயை அன்றே எடுத்துவிட்டால் பாத்ரூமுக்கு எழுவதே ஒரு நடையாகிவிடும்.

எழும் முறையில் நேராக நிமிர்வது, பக்கவாட்டில் திரும்புவது என்று இரண்டு உண்டு. முதலாவது வயிற்றுத் தசை முழுவதையும் இழுக்கும். அந்த வலியை அனுபவித்தவர் அடுத்த முறை எழவே தயங்குவார். முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தத்தையும் பக்கவாட்டில் உருட்டி, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே முழங்கையால் ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் காயத்தின் மேல் தலையணையை அணைத்துக்கொள்ளலாம். விளிம்பில் சில நிமிடம் உட்கார்ந்து கணுக்காலை ஆட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்து, அப்புறம் நடக்கலாம்.

தலை சுற்றினாலோ முகம் வெளிறினாலோ உடனே உட்கார வைக்க வேண்டும், தேவைப்பட்டால் படுக்கவும் வைக்கலாம். ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் நாள் இது சகஜம். அதற்காக அன்றைய நடையையே ரத்து செய்ய வேண்டாம், ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு மதியம் மறுபடி முயலலாம். நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், குழாயில் புது ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம் இருந்தால் முதலில் டாக்டர் பார்க்கட்டும், நடை பிறகு.