புட்டியா, விண்டோஸ் டெர்மினலா, மோஷா? சர்வர் திரை குழம்பும்போது எது கைகொடுக்கும்

கும்பகோணத்துப் பாத்திரக் கடையோ திருவாரூர்ப் பக்கத்து அரிசி மில்லோ, கணக்கு மென்பொருள் ஓடுவது எங்கோ மும்பையில் இருக்கும் லினக்ஸ் சர்வரில். கடையில் இருப்பது ஒரு விண்டோஸ் கணினி, அவ்வளவுதான். மெனு கலைந்து தெரிந்தால் எல்லோரும் முதலில் சர்வரைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் சர்வர் சரியாகத்தான் அனுப்புகிறது, காட்டுகிற பக்கம்தான் தப்பாகப் படிக்கிறது. சர்வரின் எழுத்துத் திரையை நம் கணினியில் திறக்க உதவும் மென்பொருள்கள்தான் புட்டி, விண்டோஸ் டெர்மினல், மோஷ் மூன்றும்.

பழைய கணினி என்றால் புட்டிதான், 1999இலிருந்து இருக்கிறது, எடுத்துப்போட்டால் ஓடும். ஆனால் அமைப்பை நாம்தான் பார்க்க வேண்டும். கட்டம் போடும் கோடுகளுக்குப் பதிலாகக் குல்லா போட்ட ஆங்கில ஏ எழுத்து (â) வரிசையாக வந்தால், சர்வர் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் அனுப்புகிறது, புட்டி பழைய லத்தீன் குறியீட்டில் படிக்கிறது என்று அர்த்தம். புட்டி அமைப்பின் விண்டோ பகுதியில் டிரான்ஸ்லேஷனுக்குப் போய் யுடிஎஃப்-8 என்று மாற்றிவிட்டு, அந்த செஷனை மறக்காமல் சேவ் செய்யுங்கள், இல்லாவிட்டால் நாளைக்குத் திரும்பவும் அதே கதைதான். கோடுகளுக்குப் பதில் கியூவும் (q) எக்ஸும் (x) வந்தால் அது வேறு கோளாறு: அதே பக்கத்தில், யுடிஎஃப்-8இலும் விடி100 என்ற பழைய டெர்மினல் பாணிக் கோடுகளை வரையச் சொல்லும் டிக் இருக்கிறது.

விண்டோஸ் 10, 11 என்றால் நான் விண்டோஸ் டெர்மினலையே சொல்வேன். யுடிஎஃப்-8 பற்றி யோசிக்கவே வேண்டாம், நிறமும் ஒழுங்காக வரும். ஒரே சிக்கல், அது தன்னை எக்ஸ்டெர்ம்-256கலர் (xterm-256color) என்று சர்வரிடம் சொல்லிக்கொள்ளும், ரொம்பப் பழைய யூனிக்ஸுக்கு அந்தப் பெயர் தெரியாது. அந்த நேரத்தில் டெர்மினலின் பெயரை வைத்திருக்கும் டெர்ம் (TERM) மாறியை வெறும் எக்ஸ்டெர்ம் (xterm) என்று அந்த செஷனில் மட்டும் மாற்றுங்கள். சர்வரில் ஷெல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் நிரந்தரமாக எழுதிவைக்கச் சொல்லும் யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அதே கணக்கில் வேறு டெர்மினலிலிருந்து நுழைகிறவருக்கும், ஒரே இணைப்புக்குள் பல திரைகளைத் திறக்கும் டிமக்ஸ் (tmux) நிரலுக்கும் அங்கேதான் திரை கெடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லைன் விட்டுவிட்டு வரும் ஊர்களுக்கு மோஷ். நெட் போய் வந்தாலும், வைஃபையிலிருந்து போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாலும் செஷன் அப்படியே நிற்கும், திரையையும் புதிதாக வரைந்துகொள்ளும். அதற்கு இரண்டு பக்கமும் யுடிஎஃப்-8 லொகேல் (மொழி, எழுத்து அமைப்பு) வேண்டும், சர்வர் ஃபயர்வாலில் யுடிபி போர்ட் 60000 முதல் 61000 வரை திறந்திருக்க வேண்டும், விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாகப் போகலாம். மேலே ஓடிப்போன வரிகளைத் திரும்பிப் பார்க்க முடியாது என்பதால் உள்ளே டிமக்ஸையும் திறந்துகொள்ளுங்கள்.