விளக்குக்கரையா, மண்கரையா? கோவைக் குளங்களை வைத்து ஓர் அலசல்

எங்கள் பகுதிக் குளத்தை என்ன செய்யலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் கருத்துக் கேட்டார்கள். குளத்தின் பெயரைச் சொன்னால் வார்டுச் சண்டையாகிவிடும், விட்டுவிடுகிறேன். வந்தவை இரண்டு யோசனைகள். ஒன்று, கரையைச் சுற்றிக் கல் பதித்து, டைல்ஸ் நடைபாதை போட்டு, அலங்கார விளக்கு, வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள், படகு, வண்டி நிறுத்த இடம். இதை விளக்குக்கரை என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, கரையை மண்கரையாகவே பலப்படுத்தி, ஒரு பக்கம் மட்டும் மனிதர்கள் நடக்க விட்டு, மற்ற மூன்று பக்கத்தையும் பறவைக்கும் மீனுக்கும் விட்டுவிடுவது. நான் இரண்டாவதைக் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட்டவன். ஆகவே இந்த அலசலில் நடுநிலைமையைத் தேட வேண்டாம்.

கோவைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இரண்டுக்குமே கண்ணெதிரே மாதிரி இருக்கிறது. விளக்குக்கரையைப் பார்க்க வேண்டுமென்றால் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம். மண்கரைக்குச் சிங்காநல்லூர் குளம். பஸ் ஏறினால் ஒரே மாலையில் இரண்டையும் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் விளக்குக்கரை. 2010இல் பொதுப்பணித் துறையிடமிருந்து எட்டுக் குளங்களை மாநகராட்சி 90 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 2013 கோடையில் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது, சிறுதுளி போன்ற அமைப்புகளோடு சேர்ந்து ஊர்மக்களே இறங்கி மண் அள்ளிக் கரை போட்டார்கள். 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் பட்டியலில் கோவை இடம்பிடித்த பிறகுதான் இந்தக் கரைகளுக்கு இன்றைய முகம் வந்தது. 2022ஆம் ஆண்டுக்கான தேசிய ஸ்மார்ட் சிட்டி விருதுகளில், கட்டமைப்புப் பிரிவில் கோவையின் மாதிரிச் சாலைகளும் குளப் புனரமைப்பும் முதலிடம் வாங்கின. சும்மா கொடுத்த விருது என்று சொல்ல மாட்டேன். முன்பு மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடத்தில் இன்று ராத்திரி எட்டு மணிக்குப் பெண்கள் தனியாக நடக்கிறார்கள். கட்டட இடிபாட்டை லாரியில் கொண்டுவந்து கொட்டுவது ஆள் நடமாட்டம் வந்ததும் குறைந்தது. குறிச்சிக் குளத்தில் தமிழ் எழுத்துகளாலேயே அமைத்த வள்ளுவர் சிலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்காத கோவைக் குடும்பம் இருக்குமா தெரியவில்லை. ஒரு குளத்தை ஊர் மறுபடி திரும்பிப் பார்க்கிறது என்பதே பெரிய விஷயம். கரையில் குடியிருந்தவர்களை நகருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பியது தனிக்கதை. அதை ஒரு வரியில் சொல்லிக் கடப்பது நியாயமில்லை என்பதால் இங்கே தொடவில்லை.

நிலத்தடி நீர், வெயில் தணிவு, சுற்றிலும் வீட்டு மனை விலை ஏறுவது, இவற்றிலெல்லாம் இரண்டு யோசனைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்தக் கரையானாலும் தண்ணீர் நின்றால் கிணறு ஊறும். வித்தியாசம் தொடங்குவது கரையின் சரிவில்.

கல் பதித்த கரை செங்குத்தாக இறங்கும். காலை வைத்தால் நேரே ஆழம். மண்கரை மெல்லச் சரிந்து, முதலில் ஈரம், பிறகு சேறு, பிறகு கணுக்காலளவு தண்ணீர், பிறகு கோரை, அப்புறம்தான் ஆழம் என்று போகும். நீர்ப்பறவைகளில் பாதி வாழ்வது அந்த நாலைந்து அடி அகலத்தில்தான். சிறிய உள்ளான் வகைகளுக்கு ஒரு சாண் தண்ணீரே அதிகம், அதற்கு மேல் நிற்க முடியாது. பவளக்கால் உள்ளான் கால் நீளம் என்பதால் கொஞ்சம் உள்ளே போகும். நீலத் தாழைக்கோழிக்குக் கோரைப் புதர் இல்லாவிட்டால் கூடு கட்ட இடமே கிடையாது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஆழமான தண்ணீரிலும் நீந்தி மீன் பிடிப்பவை, அவை விளக்குக்கரைக் குளத்துக்கும் வரும். அதனால்தான் "எங்க குளத்துலயும் பறவை இருக்குதே" என்று அந்தப் பக்கத்தார் போட்டோ காட்ட முடிகிறது. போட்டோ பொய்யில்லை. ஆனால் பெரிய பறவை நாலு வகை இருப்பதும், சின்னதும் பெரியதுமாக நாற்பது வகை இருப்பதும் ஒன்றல்ல. தூர்வாரும்போது குளம் முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டிக் கிண்ணம்போல ஆக்கிவிட்டால், மண்கரை வைத்தும் பயனில்லை. எங்கள் மனுவில் இதைத் தனியாக எழுதச் சொன்னேன்.

சிங்காநல்லூர் குளக்கரையில் பரிசல்காரர் ஒருவர் ஜிலேபி மீனை எடை போட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்கண்ணா, உங்களுக்கு எந்தக் கரை தோதுங்க?" என்று கேட்டேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கல்லுக்கட்டுன கரையில பரிசல எங்கீங்க இழுத்துப் போடறது? இங்கன்னா அப்படியே தலைமேல கவுத்துட்டு ஏறிப் போயிருவனுங்க." கரைச் சரிவு பறவைக்கு மட்டுமான சங்கதி அல்ல என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

சிங்காநல்லூரை நான் சொர்க்கமாக்கவில்லை. 2017இல் மாநகராட்சி அதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. கரையில் நாட்டு மரங்கள் நட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டினார்கள். எல்லாம் சரி. ஆனால் சங்கனூர்ப் பள்ளம் என்கிற ஓடை நகரத்தின் கழிவைச் சுமந்துகொண்டு அந்தக் குளத்தில்தான் வந்து சேர்கிறது. அறிவிப்புப் பலகையை வாசித்தபடியே நாற்றமும் வாங்கலாம். அங்கே ஒரு காலத்தில் படகுத்துறைகூட இருந்தது. ஆகாயத்தாமரையும் சாக்கடையும் சேர்ந்த தண்ணீரில் யார் காசு கொடுத்துப் படகேறுவார்கள்? மூடிவிட்டார்கள்.

இந்தப் படகுத்துறைதான் என்னை யோசிக்க வைத்தது. எந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தாலும் ஐந்து வருஷம் கழித்து அதைத் தீர்மானிப்பது பராமரிப்பு. கூட்டத்தில் இதைப் பேசத்தான் ஆளில்லை. வரைபடத்தில் எல்லாக் குளத்துத் தண்ணீரும் நீலமாகவே இருக்கிறது.

விளக்குக்கரையின் பராமரிப்பு என்பது விளக்கு, டைல்ஸ், கழிப்பிடம், காவலாளி, குப்பைத்தொட்டி. இவற்றில் எது கெட்டாலும் உடனே தெரியும். ஒரு டைல்ஸ் பெயர்ந்தால் மறுநாள் வாட்ஸ்அப்பில் போட்டோ வருகிறது. மதகு அடைத்துக்கொண்டால் மழை வரும்வரை ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் பணம் புகார் வருகிற இடத்துக்கே போகும். கடை வாடகையும் நுழைவுச் சீட்டும் எவ்வளவு கொண்டுவரும் என்பதை நான் அடித்துச் சொல்ல மாட்டேன், கடை நடத்திய அனுபவம் எனக்கில்லை. ஆனால் வந்த பணம் கரைக்கே சரியாகப் போய்விடும், தண்ணீர்வரை இறங்காது என்பது என் கணிப்பு.

மண்கரைக்கும் வேலை உண்டு, சும்மா கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். எலி வளையும் நண்டு வளையும் கரையைத் துளைக்கும். சீமைக்கருவேலம் வருஷத்துக்கு ஒருமுறை வேரோடு பிடுங்கவில்லையென்றால் காடாகிவிடும். மழைக்கு முன், நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலிங்கைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் இவையெல்லாம் மண்வெட்டி வேலை. வார்டு அளவில் பத்துப் பேரை வைத்து முடிக்கலாம். கல்கரை சரிந்தால் மதிப்பீடு, டெண்டர், ஒப்பந்ததாரர் என்று போகும், அதற்குள் ஒரு மழைக்காலம் முடிந்துவிடும்.

இரண்டுக்கும் பொதுவான எதிரி ஆகாயத்தாமரை. கழிவுநீர்ச் சத்தும் வெயிலும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிற செடி. எடுக்கிற விதத்தைக் கவனித்துப் பாருங்கள். இயந்திரம் அள்ளிக் கரையோரமாகவே குவிக்கிறது. கருப்பு வேரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஆள் உயரக் குவியல். பில் பாஸ் ஆனதும் வண்டி போய்விடும், குவியல் அங்கேயே கிடந்து மட்கும். அடுத்த மழையில் அதன் சாறும் உயிரோடு மிச்சமிருக்கிற செடியும் மறுபடி குளத்துக்குள். அள்ளியதை அன்றைக்கே கரைக்கு அந்தப் பக்கம் ஏற்றிவிடுவது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதையும் செய்தாலும், உள்ளே வருகிற சாக்கடை நிற்காமல் செடி நிற்காது. உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பாதாளச் சாக்கடையில் இணையாத வீடுகளின் தண்ணீர் அங்கே போகாது, வாய்க்காலில் விழுந்து குளத்துக்குத்தான் வரும். இதற்கு ஓரளவு வேலை செய்கிற வழி பெங்களூரு ஜக்கூர் ஏரியில் இருக்கிறது. நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் திறனில் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீர் நேரே ஏரியில் விழாது. கோரையும் சம்பும் அடர்ந்த ஆழமில்லாத ஈரநிலத்தில் மெதுவாக ஊர்ந்து, வண்டலையும் சத்தையும் அங்கே விட்டுவிட்டுத்தான் ஏரிக்குள் இறங்குகிறது. எங்கள் மாதிரிச் சின்னக் குளத்துக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தரமாட்டார்கள். வாய்க்கால் வாயில் ஒரு வண்டல் குழியும் அதற்குப் பின்னால் ஒரு கோரைத் திட்டும் கேட்கலாம். அதற்கு வேண்டியது பணம்கூட அல்ல, இடம். தண்ணீர் நுழைகிற அந்த மூலையில் கொஞ்சம் தாழ்ந்த இடம்.

முதல் யோசனையின் வரைபடத்தில் வண்டி நிறுத்துமிடமும் சாப்பாட்டுக் கடைகளும் விழுந்தது சரியாக அந்த மூலையில். காரணமும் நியாயமானதுதான். சாலைக்குப் பக்கம், ஆழமில்லை, மண் போட்டு மேடாக்குவது சுலபம். ஒரு குளத்தில் வியாபாரத்துக்குத் தோதான இடமும் குளத்தின் சுத்திகரிப்புக்குத் தோதான இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. நான் எந்தப் பக்கம் என்பது அந்த வரைபடத்தைப் பார்த்த அன்றே முடிவாகிவிட்டது. கடைகள் எதிர்ப்பக்கம் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தடுமாறியிருப்பேன்.

சட்டம் காப்பாற்றாதா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். 2017 ஈரநில விதிகள்படி, அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தில், பத்தாண்டுகளில் பதிவான சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாசனத்துக்கென்றே வெட்டிய நீர்நிலைகளை அதே விதிகள் வரையறையிலிருந்தே தள்ளி வைக்கின்றன. நொய்யல் ஆற்று வாய்க்கால்களில் கோத்த நம் குளங்கள் எல்லாம் எதற்கு வெட்டியவை? ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாய்ந்த வயல், போய் அபார்ட்மென்ட் வந்த பிறகும் ஏட்டில் அவை பாசனக் குளங்கள்தான். 2007இல் வந்த தமிழ்நாட்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பார்ப்பது ஆக்கிரமிப்பாளரை. அரசே போடுகிற நடைபாதையை அது ஆக்கிரமிப்பு என்று சொல்லாது. பெங்களூருவில் 2000களில் ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டபோது, 2008இல் பொதுநல வழக்குப் போட்டு, 2012 உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நாள் வழக்காட எங்கள் சங்கத்தில் ஆளும் இல்லை, காசும் இல்லை. திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுவது மலிவு.

மண்கரையில் எனக்கே பதில் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது: இருட்டு. விளக்கில்லாத மூன்று பக்கமும் ராத்திரியில் குடிக்கிறவர்களுக்குப் போய்விடும் என்று பெண்கள் சொன்னார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. நடைபாதைப் பக்கம் மட்டும் தரையைப் பார்த்த குட்டை விளக்கு, மற்ற பக்கத்துக்கு வேலியும் ஒரு காவலாளியும் என்று எழுதியிருக்கிறோம். ஒரு காவலாளி போதுமா என்பது போகப்போகத்தான் தெரியும்.

கடையே வேண்டாம் என்று நாங்கள் எழுதவில்லை. கரைக்கு வெளிப்பக்கம், சாலையை ஒட்டி, எட்டுக் கடை. வாடகை குளத்துக்கென்று தனிக்கணக்கில் சேர வேண்டும், அதில் முதல் செலவு வண்டல் குழி தூர்வாருவது. அங்கே இப்போது தள்ளுவண்டியில் டீ போடுகிற அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "தண்ணி கண்ணுல படாத கடைக்கு எவனுங்க வருவான்?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டீயை வாங்கிக்கொண்டு கரைமேல் ஏற நடுவில் ஒரு படிக்கட்டும், மேலே ஒரு நீளத் திண்ணையும் வேண்டுமென்று கடைசிப் பக்கத்தில் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறோம்.